விருதுநகரில் தோற்றவர், நாகர்கோவிலில் ஜெயித்தவர்

(சிவில் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர், 2009 செட்)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, பாலம் பற்றியோ ஆரல்வாய்மொழி காற்றாலை அஸ்திவாரம் பற்றியோ ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன சந்திப்பில் நடந்த ஒரு பேச்சு மனசை விட்டுப் போக மறுக்கிறது. அதனால் கான்கிரீட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் செட் நண்பன் ஒருவன் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நின்றான். நல்ல பையன். ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை வாரியதிலிருந்து, வயசானவர்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்ததுவரை எதற்கும் முதல் ஆளாக நிற்பவன். தோற்றுப் போனான். சாப்பாட்டுப் பந்தி முடிந்து எல்லாரும் மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது அவன் ஒரு கேள்வி கேட்டான். நல்ல பேரு ஓட்டாக மாறாது என்றால் அந்த நல்ல பேரு எதுக்கு? யாரோ ஏதோ தமாஷ் பண்ண, எல்லாரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தோவாளை பூச்சந்தையைத் தாண்டும்போதுதான் எங்க பாட்டா ஞாபகம் வந்தது. பூ வியாபாரம் பார்த்தவர். சின்ன வயதில் எனக்கு அவர் சொன்ன கதைகளில் ராஜா ராணி கதை குறைவு, தேர்தல் கதைதான் அதிகம். அதிலும் 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் நடந்த இடைத்தேர்தலைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். அந்தத் தேர்தலில் நின்றவர் காமராஜர். நண்பனின் கேள்விக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கடைப் பையன் தலைவரான கதை

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் காலமாகிவிட, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் ஜவுளிக் கடையில் வேலை. பிறகு நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அரசியல் பித்து தெளியட்டும் என்று அனுப்பியதாகச் சொல்வார்கள். பித்து தெளியவில்லை, முற்றிப் போனது!

1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சேர்ந்து, வங்காளத்தின் அலிப்பூர் சிறைக்குப் போனார். அதன்பின் சிறைக்குப் போவதும் வருவதுமாக, வாழ்நாளில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் கம்பிக்குள் கழிந்தன. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார்.

இங்கே ஒரு சம்பவத்தை இளைய மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1941-ல் அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வெளியே வந்தார், போய்ப் பதவியை ஏற்றார், உடனே ராஜினாமாவும் செய்தார். கட்சி வேலை இருக்கிறது, இந்த நாற்காலிக்கு முழு நேரம் கொடுக்க முடியாது, கொடுக்க முடியாத நாற்காலியில் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு.

ஒன்பது வருஷம்

1952-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 தான். ராஜாஜி முதல்வரானார். அவர் 1953-ல் கொண்டுவந்த அரைநேரப் படிப்புத் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அவர் விலக, 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் முதலமைச்சரானார். சட்டசபை உறுப்பினராவதற்குக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க.வும் பெரியாரும் அவரை ஆதரித்தார்கள் என்பது இன்றைக்குப் படிக்க ஆச்சரியமாக இருக்கும்.

முதல் காரியமாக அரைநேரப் படிப்புத் திட்டத்தைக் கைவிட்டார். மந்திரிசபை அமைத்ததைப் பாருங்கள். தன்னையும் சேர்த்து மொத்தமே 8 பேர். கட்சித் தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியமும், அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலமும் அந்த எட்டில் உண்டு. எதிர்த்தவரை ஓரம் கட்டுவதுதான் சாமர்த்தியம் என்று நாம் நினைக்கிறோம். அவரோ வேலை தெரிந்தவன் யார் என்று மட்டும் பார்த்தார். நம் தொழிலில் சைட் இன்ஜினியராக இருந்தவர்களுக்குத் தெரியும், இது லேசான காரியமில்லை. நம்மோடு சண்டை போட்டவனுக்கே முக்கியமான வேலையைக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

அந்த ஒன்பது ஆண்டுகளில் நடந்தவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. ஊர் தோறும் பள்ளிக்கூடங்கள் வந்தன. 1956-ல் தொடங்கி மதிய உணவு வந்தது. கல்விக் கட்டணச் சலுகை படிப்படியாக விரிந்தது. மணிமுத்தாறு, வைகை, சாத்தனூர், கிருஷ்ணகிரி, அமராவதி என்று அணைகள் எழுந்தன. நெய்வேலி, திருச்சி பாய்லர் ஆலை, கிண்டி தொழிற்பேட்டை என்று தொழில்கள் வந்தன. மத்திய அரசின் பணமும் திட்டமும் பலவற்றில் உண்டு, ஆர். வெங்கட்ராமன் போன்ற மந்திரிகளின் உழைப்பும் உண்டு. ஆனால் அந்தப் பணத்தையும் ஆட்களையும் சரியான இடத்தில் கொண்டு சேர்த்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு மனிதர். நமக்கெல்லாம் டிகிரி இருக்கிறது!

நம் மாவட்டத்துக்கும் அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 1954 ஆகஸ்ட் 11-ல் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தில் மார்த்தாண்டம், புதுக்கடைப் பக்கங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மார்ஷல் நேசமணியும் அவரோடு நின்றவர்களும் பட்ட பாட்டின் பலனாக, 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அன்று முதல்வர் காமராஜர்தான். ஆனால் தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. அதற்காக அவர் இன்னும் பலமாக வாதாடியிருக்க வேண்டும் என்ற வருத்தம் நம் ஊர்ப் பெரியவர்களிடம் கடைசிவரை இருந்தது. பாட்டாவுக்கும் இருந்தது. அவரைப் பற்றி எழுதும்போது இதை மறைப்பது நியாயமில்லை.

தேர்தல் கணக்கு

சரி, நல்ல ஆட்சிக்கு ஜனங்கள் ஓட்டுப் போட்டார்களா? போட்டார்கள். 1957-ல் 205 இடங்களில் காங்கிரஸ் 151-ல் வென்றது. 1962-ல் 206-ல் 139. எனவே திறமைக்கு மதிப்பே இல்லை என்று சொல்பவர்கள் முதலில் இந்த இரண்டு தேர்தல்களைப் பார்க்க வேண்டும்.

ஆனால் 1962-ல் இன்னொன்றும் நடந்தது. தி.மு.க. 15 இடத்திலிருந்து 50 இடத்துக்கு ஏறியது. அந்தக் கட்சியின் தலைவர் அண்ணாவோ காஞ்சிபுரத்தில் தோற்றுப் போனார். தலைவர் கீழே, கட்சி மேலே! தலைவரின் மதிப்பும் கட்சியின் வெற்றியும் ஒரே தராசில் நிற்பதில்லை என்பதற்கு இது முதல் அடையாளம். இதை காங்கிரஸ்காரர்கள் எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது.

1963 அக்டோபர் 2-ல், யாரும் விரட்டாமல், தானாகவே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அவருடைய திட்டத்துக்கே காமராஜ் திட்டம் என்று பெயர் வந்தது. 1964-ல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். நேரு மறைந்தபின் லால்பகதூர் சாஸ்திரியையும், 1966-ல் சாஸ்திரி மறைந்தபின் இந்திரா காந்தியையும் பிரதமராக்கியதில் அவர் பங்கு பெரிது. தனக்கென்று அந்த நாற்காலியைக் கேட்கவில்லை.

டெல்லியில் அவர் பிரதமர்களை உருவாக்கிக் கொண்டிருந்தபோது இங்கே வீட்டில் கூரை ஒழுகியது. பக்தவத்சலம் முதல்வராக இருந்தார். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள்தான் அதில் முன்னணி. துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. அதோடு அரிசிப் பஞ்சமும் சேர்ந்தது. நாஞ்சில் நாட்டில் நெல் விளைந்தாலும் ரேஷன் கடை வரிசையில் நின்ற கதையைப் பாட்டா சொல்லியிருக்கிறார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்ட் கட்சி வரை, ஒன்றுக்கொன்று ஒட்டாத கட்சிகளையெல்லாம் அண்ணா ஒரே அணியில் சேர்த்தார்.

1967 பிப்ரவரி. முடிவு வந்தது. விருதுநகரில், தன் சொந்த ஊரில், பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டில் காமராஜர் தோற்றார். முதல்வர் பக்தவத்சலமும் தோற்றார். 234 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 51.

இப்போது என் தொழில் புத்தியைக் கொஞ்சம் காட்டிக் கொள்கிறேன். 1962-ல் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு சுமார் 46 சதவீதம். 1967-ல் சுமார் 41 சதவீதம். ஐந்து சதவீதம்தான் குறைந்தது. ஜெயித்த தி.மு.க. வாங்கியதும் ஏறத்தாழ அதே 41, சொல்லப் போனால் காங்கிரசைவிட ஒரு மயிரிழை குறைவு. அது எல்லாத் தொகுதியிலும் நிற்காமல், மீதியைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக் கொடுத்திருந்தது. முன்பு பிரிந்து கிடந்த எதிர் ஓட்டு ஒரே பெட்டியில் விழுந்தது, 139 இடம் 51 ஆனது. ஒரு தூண் எவ்வளவு பலமாக இருந்தாலும், பாரம் விழும் திசை மாறிவிட்டால் கட்டடம் இறங்கும். தூணைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்தால் மட்டும் போதாது.

அதாவது, காமராஜரின் நேர்மையை ஜனங்கள் சந்தேகிக்கவில்லை. அவர்கள் ஓட்டுச்சாவடிக்குக் கொண்டு போன கேள்வியே வேறு. அரிசி எங்கே, எங்கள் பிள்ளைகள் மேல் ஏன் சுட்டீர்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு, டெல்லியில் இருந்த நல்ல மனிதர் பதிலாக முடியவில்லை. திறமையும் ஒரு ஆளோடு நின்றுவிடக் கூடாது. தான் இறங்கிய பிறகு ஏறுகிறவரும், அவருக்குப் பின் வரும் வாலிபர்களும் ஜனங்களின் குரலைக் கேட்கிறார்களா என்று பார்ப்பதும் திறமையில் சேர்ந்ததுதான். அங்கேதான் அவர் கணக்கு பிசகியது என்பது என் எண்ணம்.

நாகர்கோவில்

இனி பாட்டாவின் கதை. 1968 ஜூன் 1-ல் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணி காலமானார். 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராஜர் நின்றார். தி.மு.க. ஆதரவோடு டாக்டர் மத்தியாஸ் எதிர்த்து நின்றார். தி.மு.க. ஆட்சிக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, செல்வாக்கு உச்சியில் இருந்த நேரம். விருதுநகரில் தோற்ற மனுஷன், நம்ம ஊரிலும் தோற்றுவிட்டால் கதை முடிந்தது என்றுதான் பேச்சு. பாட்டா பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நாகர்கோவிலில் அவர் கூட்டத்துக்குப் போய் நின்றாராம். பெரிய மேடைப் பேச்சு ஒன்றுமில்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி பேசினார், ஆனால் ஒருத்தரும் நகரவில்லை என்பார்.

காமராஜர் ஏறத்தாழ 1,28,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சாதி ஓட்டில் ஜெயித்தார் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். சாதிக் கணக்கு நம் மாவட்டத்தில் இல்லை என்று நான் கதை விடப் போவதில்லை. அதோடு நேசமணி காலத்திலிருந்தே காங்கிரசுக்கு இங்கே நல்ல வேர் இருந்தது. ஆனால் சாதி மட்டும்தான் காரணம் என்றால், அவர் பிறந்து வளர்ந்த விருதுநகரில் ஏன் தோற்றார்? இரண்டே வருஷத்தில் ஆளும் மாறவில்லை, சாதியும் மாறவில்லை. கேள்விதான் மாறியது. 1967-ல் ஜனங்கள் ஓர் ஆட்சிக்குத் தீர்ப்பு எழுதினார்கள். 1969-ல் ஒரு மனிதரை அனுப்பலாமா என்று மட்டும் யோசித்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அவர் ஆதரித்துப் பிரதமராக்கிய இந்திரா ஒரு பக்கம், அவர் மறுபக்கம். 1971 தேர்தலில் தன் பழைய எதிரியான ராஜாஜியோடு கை கோத்தார். சட்டசபையில் தி.மு.க.வுக்கு 184, பழைய காங்கிரசுக்கு 15. மக்களவையில், தமிழகத்தின் 39 இடங்களில் பழைய காங்கிரசின் சார்பில் ஜெயித்தவர் ஒரே ஒருவர். நாகர்கோவிலில் நின்ற காமராஜர்! 1962-ல் அண்ணாவுக்கு நடந்ததன் நேர் தலைகீழ் இது. தலைவர் மேலே, கட்சி கீழே.

1975 அக்டோபர் 2-ல், காந்தி பிறந்த நாளில், சென்னையில் காலமானார். எமர்ஜென்சி அமலில் இருந்த நேரம். அதை அவர் ஏற்கவில்லை, அந்த வேதனையோடுதான் போனார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. சென்னையில் குடியிருந்தது வாடகை வீடு. 1976-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். அவருடைய கட்சி 1967-ல் விட்ட கோட்டை நாற்காலியை அரை நூற்றாண்டு கடந்தும் திரும்பப் பிடிக்கவில்லை. ஆனால் அவரை எதிர்த்து வளர்ந்த கட்சிகளும் இன்று ஓட்டுக் கேட்கும்போது அவர் பெயரைச் சொல்கின்றன.

நண்பனுக்கு

நண்பா, உன் கேள்விக்கு வருகிறேன். கல்லூரியை விட்டுப் போகும்போது நமக்கு இரண்டு காகிதம் தந்தார்கள். ஒன்று மார்க் ஷீட், இன்னொன்று கான்டக்ட் சர்டிபிகேட். ஒன்றைக் காட்டி இன்னொன்றை வாங்க முடியாது. தேர்தல் என்பது மார்க் ஷீட்தான். அந்த வருஷத்துக் கேள்வித்தாளுக்கு எழுதிய பதிலுக்குத்தான் மார்க். கேள்வித்தாள் அரிசியைப் பற்றி இருந்தால் அரிசியைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீ குளம் வாரியதை ஊர் மறக்கவில்லை. ஆனால் அந்த டிசம்பரில் உன் வார்டு என்ன கேட்டது என்று நீ வீடு வீடாகப் போய்க் கேட்டாயா? உன்னோடு நிற்க நாலு பேரைச் சேர்த்தாயா? எதிரே யார் யார் ஒன்று சேர்ந்தார்கள் என்று பார்த்தாயா? இவையும் திறமைதான். நல்லவனுக்கு இதிலெல்லாம் விதிவிலக்கு கிடையாது. காமராஜருக்கே கிடைக்கவில்லை.

அப்படியென்றால் நல்ல பேரு எதுக்கு? நம் தோவாளை தாலுகா பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவைப் பார். சட்டசபைக்குப் போனது ஒரே ஒரு தடவை, 1952-ல். அதை வைத்து அவரை யாராவது எடை போடுகிறார்களா? காமராஜர் தோற்றபோது அவர் கட்சி அன்றுவரை இங்கே ஆட்சியில் இருந்தது, டெல்லியிலும் ஆட்சி அவர்களுடையதுதான். 1,285 ஓட்டு என்பது ஒரு சின்ன வித்தியாசம். அவர் அந்த முடிவைத் தலை வணங்கி ஏற்றார். இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் வந்து நின்றார், அங்கே கதவு திறந்தது. நல்ல பேரு அன்றைக்கு ஜெயிக்க வைக்காமல் போகலாம். தோற்ற பிறகு மறுபடியும் ஒரு வாசலில் போய் நிற்கும் தைரியத்தையும், நிற்கும்போது அந்த வாசல் அடைபடாமல் இருப்பதையும் அதுதான் தருகிறது.

அடுத்த முறை நிற்கலாமா வேண்டாமா என்று நீ யோசித்துக் கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு சாயங்காலம் கன்னியாகுமரிக்குப் போவோம். காந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம் இருக்கிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம். நின்றே தீருவது என்று முடிவு செய்தாயானால், வீடு வீடாகப் போக இந்தத் தடவை நானும் வருகிறேன். போன தடவை லீவு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.